சூடு ஆறாத உரம்

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு சவுக்கு ஊசி. ஆறாவது பாத்தியில் மக்கு உரத்தைக் கொட்டிக் கையால் பரப்பிக்கொண்டிருந்தேன். விரல் நீளத்துக்கு முழுசாக, கணு கணுவாக, நேற்றுதான் மரத்திலிருந்து உதிர்ந்ததுபோல அது கிடந்தது. நன்றாக மக்கிய உரத்தில் சவுக்கு ஊசி தெரியக் கூடாது. தெரிந்தாலும் விரலில் தேய்த்தால் பொடியாகிவிட வேண்டும். தேய்த்துப் பார்த்தேன். வளைந்ததே தவிர ஒடியவில்லை. சுடிதாருக்கு மேல் போட்டிருந்த அப்பாவின் பழைய சட்டைப் பையில் அதை வைத்துக்கொண்டு, மீதி உரத்தையும் பரப்பிவிட்டேன்.

தம்பி, அது மூன்று வருடத்துக்கு முந்தைய கார்த்திகை மாதம். திங்கட்கிழமை செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் நீ ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்டாயே, "அக்கா, மக்கு உரம் நல்லதா, யூரியா நல்லதான்னு காலேஜ்ல கேட்டா இன்னா சொல்றது? நீதான அஞ்சு வருஷமா லெட்டூஸ் போடுற" என்று, அப்போதும் எனக்கு அந்த ஊசிதான் ஞாபகம் வந்தது. "தண்ணி பாட்டில் எடுத்துகினியா?" என்றேன். பஸ் கிளம்பிவிட்டது. நீ கேட்டது பாடத்தில் வரும் கேள்வி இல்லை என்று எனக்குத் தெரியும். நீ என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு கேட்டதிலேயே தெரிந்தது. அந்தக் கேள்விக்குள் ஒரு ஆள் நிற்கிறாள். மூன்று வருடமாக நாம் இரண்டு பேரும் அவள் பெயரைச் சொல்லாமல் சோறு சாப்பிட்டோம், தூங்கினோம், பொங்கல் கொண்டாடினோம். எஸ்தர் அக்கா.

நான் உன்னைப் பெற்றவள் இல்லை. உனக்கும் எனக்கும் இரண்டரை வயதுதான் வித்தியாசம். ஆனால் அம்மா போன பிறகு உன் ரிப்போர்ட் கார்டில் 'பெற்றோர் கையொப்பம்' என்று போட்ட கோட்டின்மேல் இருப்பது என் கையெழுத்து. லாரியோடு போன அப்பா திரும்பி வரவில்லை, அம்மாவும் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள், நான் ஒன்பதாவது பாதியில் நின்றேன். எதற்கு நிற்கிறாய் என்று டீச்சர் கேட்டபோது வார்த்தையே வரவில்லை. எனக்காகப் பதில் சொல்வது எப்போதும் அம்மாதான். "எம் பொண்ணு பேசாது, ஆனா எல்லாம் தெரியும்" என்பாள். அவள் போன பிறகு எனக்காகப் பேச ஆள் இல்லை. அதனால் பேசாமலே இருந்து பழகிவிட்டேன். பெற்றவள் உனக்கு எழுத வேண்டிய கடிதம் இது. அவள் இல்லாததால் நான் எழுதுகிறேன். கவரை ஒட்டவில்லை. ஹாஸ்டலில் யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும்.

உனக்குத் தெரிந்ததையும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன், நீ அப்போது பாதிதான் பார்த்தாய். அம்மா வேலை செய்த இடத்திலேயே, முதலாளி பாயின் தோட்டத்திலேயே, மோட்டார் ரூமை ஒட்டிய அறையில் நம்மை இருக்கச் சொன்னார் பாய். மாமல்லபுரத்து ஓட்டல்களுக்கு லெட்டூஸ் கொடுக்கும் தோட்டம். பச்சை வலைக்குக் கீழே பன்னிரண்டு பாத்தி. யூரியா, டிஏபி எதுவும் போடாத கீரை என்று ஓட்டல்காரர்களிடம் சொல்லித்தான் அவர் கொடுத்தார், சொன்னபடிதான் நடந்தார். தினமும் காலையில் வந்ததும் ஏதாவது ஒரு பாத்தியிலிருந்து இரண்டு இலை ஒடித்து, கழுவாமல், ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டு இன்னொன்றைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுவார். "துன்னு பாரும்மா. மண்ணும் தண்ணியும் மட்டும்தான் கீது இதுல." முக்கால்வாசி நாள் அந்த இலை எனக்குத்தான் வரும். பள்ளிக்கூடம் கிளம்பும்போது உனக்கும் கொடுப்பார்.

உரக்குவியல் எஸ்தர் அக்காவின் பொறுப்பு. ஓட்டலிலிருந்து வரும் காய்கறித் தோல், சாணம், சவுக்குத் தோப்பில் கூட்டி அள்ளிய சருகு, எல்லாவற்றையும் அடுக்கடுக்காகப் போட்டு நடுவில் ஒரு இரும்புக் கம்பியைச் செருகிவைப்பாள். கம்பியை உருவித் தொட்டால் சுட வேண்டும். சுட்டால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். பல நாள் கழித்து, கிளறிக் கிளறி விட்ட பிறகு, கம்பி சும்மா தரையில் கிடந்த கம்பிபோல் இருந்தால்தான் அள்ளலாம். "தொட்டுப் பாருடி, புள்ளைக்கு ஜுரம் விட்டுச்சா?" என்று என்னைக் கூப்பிடுவாள். உனக்கு ஜுரம் வந்தபோது செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று நாள் என்னோடு படுத்திருந்ததும் அவள்தான். டாக்டரிடம் எனக்குப் பதிலாகப் பேசியதும் அவள்தான். உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கம்பி ஆறிடுச்சுடி" என்று சிரித்தாள். ஞாபகம் இருக்கிறதா?

அந்தக் கார்த்திகையில் எஸ்தர் அக்கா தன் தங்கச்சி கல்யாணத்துக்காக மூன்று வாரம் போயிருந்தாள். போகும்போது, "சின்னக் குவியல அள்ளிக்கலாம். பெருசத் தொடாத, அதுல சவுக்கு ஜாஸ்தி, இன்னும் ஒரு மாசம் வோணும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். சின்னக் குவியல் நான்கு பாத்திக்குள் தீர்ந்துவிட்டது. நாற்று தட்டுகளில் காத்திருந்தது. ஓட்டல் சீசன் வருகிறது என்று பாய் அவசரப்பட்டார். பெரிய குவியலைக் காட்டி, "இது ரெடியாம்மா?" என்று கேட்டார். போன் பேசிக்கொண்டே கேட்டார். கம்பியை நான் அன்று காலையில்தான் தொட்டிருந்தேன். உள்ளங்கையில் வைத்திருக்க முடியாத சூடு. இல்லை பாய், இன்னும் ஒரு மாதம் ஆகும். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் சரி என்று எடுத்துக்கொண்டார்.

நட்டுப் பத்து நாளில் அடி இலை வெளுத்தது. பிறகு செடியே வெளுத்தது, வியாதிக்காரன் முகம்போல. முற்றாத உரத்தை மண்ணில் போட்டால், மீதி மக்குவதற்கு அது மண்ணிலிருக்கும் சத்தையே எடுத்துத் தின்னும், செடிக்கு விடாது. இது எனக்குத் தெரியும், அக்கா சொல்லியிருக்கிறாள். பாய் வந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, துணி வெளுத்தா மாதிரி?" என்றார். அப்போதும் சொல்லியிருக்கலாம். மழை ஜாஸ்தி என்றேன். எட்டு பாத்தி. நாம் இருந்த அறை அவருடையது. நாற்று வீணாய்ப்போனதென்றால் நம்மைப் போகச் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். அவர் அப்படிச் சொல்லக்கூடியவரா என்று நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. பயத்துக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகுதான் உன்னை அனுப்பினேன். நீ ஸ்கூல் பையை இறக்கி வைக்கக்கூட இல்லை. "உரக்கடையில ஒரு கிலோ யூரியா வாங்கியா. எதுக்குன்னு கேட்டா ரோஜாச் செடிக்குன்னு சொல்லு" என்றேன். நீ, "நம்மகிட்ட ரோஜாச் செடி எங்க கீது?" என்று கேட்டாய். "சொன்னத செய்டா." உன்னிடம் நான் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. நீ வாங்கி வந்தாய். பொய் சொல்லாதே என்று அதற்கு முன்னாலும் பின்னாலும் எத்தனையோ தடவை உன்னிடம் சொல்லியிருக்கிறேன். உனக்குப் பொய்யை வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்து அனுப்பியதும் நான்தான். பெற்றவள் இடத்தில் இருந்து நான் செய்த பெரிய தப்பு அதுதான். யூரியா போட்டதுகூட அதற்கு அடுத்ததுதான்.

விடிந்ததும், யாரும் வருவதற்கு முன்னால், பூவாளியில் கரைத்து எட்டு பாத்திக்கும் ஊற்றினேன். ஐந்து நாளில் செடி கரும்பச்சையாகிவிட்டது. எனக்கே பயமாக இருந்தது. இலை உள்ளங்கை அளவிலிருந்து முறம்போல் விரிந்தது. பாய் சந்தோஷமாக ஒரு இலையை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு எனக்கும் நீட்டினார். நான் வாங்கித் தின்றேன். உனக்கும் நீட்டினார். நீ, "பல்லு தேச்சிட்டேன் பாய்" என்று சொல்லிவிட்டு ஓடினாய். அன்றிலிருந்து நீ அவர் கையால் இலை வாங்கவே இல்லை. நான் மூன்று வருடம் வாங்கினேன்.

காலிக் கவரை என்ன செய்வதென்று தெரியாமல் உரக்குவியலில் ஆழமாகப் புதைத்தேன். குவியலில் போட்டதெல்லாம் காணாமல் போவதை தினமும் பார்க்கிறவள் நான். பிளாஸ்டிக் மக்காது என்பது ஒன்றாவது படிக்கும் பிள்ளைக்கும் தெரியும். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. அங்கே போட்டால் மண்ணாகிவிடும் என்று கை பழகியிருந்தது.

அக்கா திரும்பி வந்தாள். இலை பெரிதாக இருக்கிறதே என்று தடவிப் பார்த்தாள், குறைந்திருந்த பெரிய குவியலையும் பார்த்துவிட்டுக் கிளறப் போனாள். அடுத்த வாரம் ஓட்டல் வேன் டிரைவர் நான்கு கூடையைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினான். இலை ஒரே நாளில் ஈரத்துணிபோல் தொங்குகிறது, முன்னால்போல் மொறுமொறுப்பு இல்லை, இதில் ஏதோ போட்டிருக்கிறீர்கள் என்று சமையல்காரர் சொல்லி அனுப்பினாராம். பாய் அவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மழை தூறியது. அக்கா தலையில் சாக்கை மடித்துக் கவிழ்த்துக்கொண்டு குவியலைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவள் முள்வாரியிலேயே அந்தக் கவர் மாட்டிக்கொண்டு மேலே வந்தது. அவளே அதைக் கையில் எடுத்து, சேறு துடைத்து, படிக்கத் தெரியாததால் பாயிடம் நீட்டினாள். பாய் கவரைப் பார்த்தார். பிறகு அவள் தலையைப் பார்த்தார். அவள் போட்டிருந்தது அவள் அண்ணன் நெல்வயலிலிருந்து கொண்டுவந்த சாக்கு. அதிலும் முழ நீளத்துக்கு யூரியா என்று அச்சடித்திருந்தது.

"தலமேலயே எழுதி ஒட்டிகினு வந்துட்டியே எஸ்தரு. என் சோத்துல மண்ணப் போட இதுவா கெடச்சுது?" என்றார். டிரைவர் சிரித்தான். அக்கா, "நானா பாய்? நா போடுவேனா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ மோட்டார் ரூம் வாசலில் புத்தகத்தோடு நின்றாய். பாய் போகச் சொன்னார். அவள் சாக்கைக் கழற்றிக் குவியல்மேல் போட்டுவிட்டு, தலை நனைய, கேட்டை நோக்கி நடந்தாள். நான் வாயைத் திறந்தேன், தம்பி. திறந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மழைத் தண்ணீர்தான் உள்ளே போனது.

அந்தச் சாக்கை நான்தான் எடுத்து மோட்டார் ரூம் ஆணியில் மாட்டினேன். வருவாள், எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். மடிப்பு கலையவே இல்லை. கடல்காற்று அடித்தால் உள்ளே காற்று புகுந்து அது ஒரு தலை அளவுக்கு உப்பும். நீ அதற்கு முதுகைக் காட்டிப் படுப்பாய். நான் அதைப் பார்த்துக்கொண்டு படுப்பேன். காலையில் குவியலிலிருந்து ஆவி எழும்பும்போது அதற்குப் பின்னால் யாரோ குனிந்து நிற்பதுபோல் இருக்கும். கம்பியை உருவும் ஒவ்வொரு தடவையும் "தொட்டுப் பாருடி" என்று காதுக்குப் பின்னால் கேட்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன். ஒரு தடவை உனக்குச் சாதாரணச் சளி ஜுரம் வந்தது. உன் நெற்றியில் கை வைக்கப் போனபோது அங்கே ஏற்கெனவே ஒரு கை இருப்பதுபோல் தோன்றி, கையை எடுத்துக்கொண்டேன். நீ கேட்டாய், "ஏன்க்கா தொடல?"

இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டது ஒன்றுதான். தம்பி படிக்க வேண்டும், அவனுக்கு இந்த அறை வேண்டும், அவன் பன்னிரண்டு முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. உன்னை முன்னால் நிறுத்தி உனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். திங்கட்கிழமை உன் பஸ் போனதும் எனக்கு முன்னால் யாரும் இல்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். மக்கு உரம் என்றாலே நல்லது என்று எழுதிவிடாதே. எட்டு பாத்தியை முதலில் வெளுக்க வைத்தது மக்கு உரம்தான், அதுவும் என் அவசரத்தால். யூரியா விஷம் என்றும் எழுதாதே. நம்மைச் சுற்றியிருக்கும் வயலில் எல்லாம் போடுகிறார்கள், அந்த அரிசியைத்தான் நாம் தின்கிறோம். யூரியா இலையை உடனே எழுப்பும். கை கொஞ்சம் கூடினால் இலையில் தண்ணீர் ஏறும், பறித்ததும் துவளும். மக்கு உரம் மெதுவாகக் கொடுக்கும், ஆனால் நம் மணலில் ஈரத்தைப் பிடித்துவைக்கும், அடுத்த பயிருக்கும் மிச்சம் வைக்கும். லெட்டூஸுக்கு நான் என்றைக்கும் மக்கு உரம்தான் போடுவேன், கம்பி ஆறிய பிறகு. ஆனால் நீ எதைப் போட்டாலும், என்ன போட்டாய் என்று கேட்டால் அதைச் சொல். கேட்காவிட்டாலும் சொல். அங்கே உன்னை யாராவது ஏதாவது கேட்டு உனக்குப் பதில் வராவிட்டால், என்னைப்போல் தலையை ஆட்டாதே. ஒரு நிமிஷம் இருங்கள் என்று சொல், யோசித்துச் சொல். இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் உனக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை.

நேற்று காலை பாய் வந்தார். இலையை ஒடித்து நீட்டினார். நான் வாங்கவில்லை. "இன்னாம்மா, தம்பி போயிட்டான்னு வருத்தமா?" என்றார். "அந்த யூரியா நான் போட்டது பாய். எஸ்தர் அக்கா இல்ல" என்றேன். எவ்வளவு சின்ன வாக்கியம் பார். அவர் பாத்தி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "போட்டேன்னு சொல்லியிருந்தா அந்த லோட சாதா மார்க்கெட்டுக்கு அனுப்பிட்டுப் போயிருப்பேனேம்மா. ஒரு பேஜாரும் இல்லியே" என்றார். அப்புறம், "தெனம் என் கையால வாங்கித் துன்னுகினு இருந்தியே" என்றார். நாளைக்கு வேலைக்கு வரலாமா என்று கேட்டேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "அந்தப் பொம்பளைய நா டிரைவர் பையன் முன்னாடி இன்னா பேச்சு பேசிட்டேன்" என்றார். வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இந்த அறை இன்னும் எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. நீ லீவுக்கு வரும்போது எங்கே வரவேண்டும் என்று அப்புறம் எழுதுகிறேன்.

இன்று காலை ஆணியிலிருந்து சாக்கை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அக்கா இப்போது அணுபுரத்தில் ஐந்தாறு வீட்டில் பெருக்கித் துடைக்கிறாளாம். அந்த டிரைவர் அவள் ஊர்க்காரன். அவன் வாயால் விஷயம் பரவி, அந்த ரோட்டில் ஒரு தோட்டத்திலும் அவளை வேலைக்கு எடுக்கவில்லை. ஊரில் தன் வீட்டு வாசலில் கோலப்பொடி டப்பாவுக்குள் வெந்தயக்கீரை வளர்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. "இன்னாடி, மூணு வருஷமா பஸ்ஸு கெடைக்கலியா?" என்றாள்.

வாசலிலேயே உட்கார்ந்து சொன்னேன். அழுதுகொண்டே சொன்னதால் பாதி எனக்கே கேட்கவில்லை. அவள் சாக்கை வாங்கிப் பிரித்துப் பார்த்து மறுபடி மடித்தாள். "எனக்கு அன்னிக்கே தெரியும். உன் மூஞ்சியப் பாத்தேனே. நீயே சொல்லுவன்னுதான் கேட்டு வாசல் வரிக்கும் மெதுவா நடந்தேன்" என்றாள். "மழையில எவளாச்சும் அவ்ளோ மெதுவா நடப்பாளா?"

மன்னித்துவிடு அக்கா என்றேன். அவள் உன்னைப் பற்றிக் கேட்டாள். காலேஜுக்குப் போய்விட்டாய் என்றதும், "ஜுரத்துல கண்ணே தொறக்கல அன்னிக்கி. பொழச்சிகினான்" என்றாள். பிறகு தெருக்குழாய்ப் பக்கம் பார்த்தாள். தண்ணீர் வந்திருந்தது. ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அதில் ஒருத்தி இங்கே திரும்பி, "யூரியாக்கா, யாரு அது விருந்தாளி? கொடம் எடுத்துகினு வா, தண்ணி நின்னுடப் போவுது" என்று கூப்பிட்டாள். கேலியாகக்கூடக் கூப்பிடவில்லை. அதுதான் அவள் பெயர் என்பதுபோல் கூப்பிட்டாள். அக்காவும் "தோ வரேன்" என்றாள். இத்தனை நாள் என் காதுக்குப் பின்னால் நின்ற ஆள் அங்கே அந்தப் பெயரோடு குடம் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"என் மேல பழி சொன்னப்போ எல்லாரும் கேக்கத்தான சொன்னாங்க" என்றாள் அக்கா குடத்தைக் கழுவிக்கொண்டே. "நீ வந்து என் காதுல சொல்ற."

நான் குடத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு குழாய்க்குப் போனேன். பெண்கள் வழிவிட்டார்கள். "இவங்க பேரு எஸ்தர். யூரியா போட்டது நான்" என்றேன். தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. "இன்னாமா சொல்ற?" என்றாள் ஒருத்தி. குழாயை மூடினேன். மறுபடியும் சொன்னேன்.